வைரஸ் மருந்தும் இரத்த சோகையும்

ஒரு நோயைத் தணிக்கும் மருந்தே மற்றொரு நோயைத் தோற்றுவித்தல் கூடுமோ என மக்கள் வினவுவதுண்டு. கூடும் என்பதே விடை. ஆயினும் அத்துடன் நின்றுவிட்டால் அவ்விடை பாதி உண்மையே ஆகும். ஒரே மருந்தை ஒரே அளவில் உட்கொள்ளுவோருள் சிலருக்கு மட்டும் தீங்கு நேர்ந்து, ஏனையோர் நலமாக இருப்பது எதனால்? இவ்வினாவிற்கு விடை காண முயலும்போதுதான் மருந்தைப் பற்றிய நமது அறிவு பயனுள்ள அறிவாகிறது. வைரஸ்களை எதிர்க்கும் மருந்துகளால் விளையும் இரத்த சோகை இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு. அது மருந்தின் குற்றம் மட்டுமன்று; மருந்து உட்செல்லுமுன் உடல் எந்நிலையில் இருந்தது என்பதையும் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அந்நிலையை முன்கூட்டியே அறிந்துகொள்ள ஒரு துளி இரத்தமும் ஓர் எடைபார்க்கும் கருவியும் பெரும்பாலும் போதுமானவை என்பதும் எமது அபிப்பிராயம்.

சிடோவுடின் என்னும் மருந்து

எய்ட்ஸ் நோயைத் தோற்றுவிக்கும் எச்.ஐ.வி. என்னும் வைரஸை எதிர்க்க முதன்முதல் அங்கீகாரம் பெற்ற மருந்து சிடோவுடின் என்பதாகும். அமெரிக்காவில் டெட்ராயிட் நகரில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்னும் விஞ்ஞானி 1964-ஆம் ஆண்டில் இதனைப் புற்றுநோய் மருந்தாகக் கருதியே தயாரித்தார். அந்நோக்கத்திற்கு அது பயன்படவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1985-இல், எச்.ஐ.வி. வைரஸின் பெருக்கத்தை அது தடுப்பது தெரிய வந்தது. 1987-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் அதற்கு அனுமதி வழங்கிற்று.

அவ்வாண்டிலேயே அதன் மறுபக்கமும் வெளியாயிற்று. 282 நோயாளிகளிடையே நிகழ்த்திய சோதனையில், சிடோவுடின் உட்கொண்டோருள் நூற்றுக்கு 24 பேருக்கு ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 7.5 கிராமுக்குக் கீழே இறங்கியது. வெறும் மாத்திரை உட்கொண்டோருள் அவ்வாறு ஆனவர்கள் நூற்றுக்கு 4 பேரே. மருந்துண்டோருள் ஐவரில் ஒருவருக்குப் பலமுறை இரத்தம் ஏற்ற நேர்ந்தது. அந்நாளில் கொடுத்த அளவு மிகப் பெரிது என்பது உண்மையே. இன்று வளர்ந்தவர்களுக்குக் கொடுக்கும் அளவு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் மட்டுமே. எனினும் அச்சோதனை நமக்குத் தந்த மிகப் பெரிய பாடம் இந்த எண்ணிக்கையில் இல்லை. யாருக்குத் தீங்கு மிகுதியாக நேர்ந்தது என்பதில் இருக்கிறது. சிகிச்சை தொடங்கும்போதே ஹீமோகுளோபின் குறைந்திருந்தவர்கள், சி.டி.4 என்னும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தவர்கள், இரத்தத்தில் பி12 வைட்டமின் குறைந்திருந்தவர்கள், நியூட்ரோபில் வெள்ளணுக்கள் குறைந்திருந்தவர்கள் ஆகியோரே பெரிதும் துன்புற்றனர். முதல் ஆண்டிலேயே அபாயக் காரணங்கள் கண்முன் நின்றன.

எலும்பு மஜ்ஜையில் நிகழ்வது

வைரஸ் தன் பிரதியை எழுதுதற்கு வேண்டிய கட்டுமானப் பொருள்களுள் ஒன்றைப் போலவே சிடோவுடின் அமைந்துள்ளது. ஏமாந்த வைரஸ் அதனைத் தன் சங்கிலியில் கோத்துக்கொள்ளுகிறது. சங்கிலி அத்துடன் அறுகிறது. ஆனால் நம் உடலிலும் ஓயாது பிரதி எடுக்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே எலும்பு மஜ்ஜை. சிவப்பணுக்களின் மூல அணுக்கள் அங்கே இடையறாது பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பெருக்கத்தையும், அவற்றினுள் சக்தியை விளைவிக்கும் மைட்டோகாண்டிரியாவின் வேலையையும் இம்மருந்து ஓரளவு தடைப்படுத்துகிறது. அதனால் பிறக்கும் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவத்தில் பெருத்தும் காணப்படுகின்றன.

பெருத்த சிவப்பணுக்களைக் கொண்ட இரத்த சோகை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1928-ஆம் ஆண்டு முதல் பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளப் பெண்டிரிடையே, விசேஷமாகக் கருவுற்றிருந்தோரிடையே, இத்தகைய சோகையை ஆராய்ந்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர். குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்திலும் சில காலம் அவர் பணியாற்றினார். ஈஸ்ட்டின் சாரம் அச்சோகையைத் தீர்ப்பதை அவர் 1931-இல் வெளியிட்டார். அச்சாரத்திலிருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. அதனைச் செயற்கை முறையில் ஆக்கி 1945-இல் உலகுக்குத் தந்த ஆராய்ச்சிக் குழுவை நடத்தியவர் நம்மவராகிய எல்லாப்பிரகத சுப்பாராவ் அவர்கள். ஆயினும் ஒன்றை இங்கே தெளிவாக்குதல் வேண்டும். வெளித்தோற்றத்தில் இரு சோகைகளும் ஒத்திருந்தாலும், சிடோவுடினால் வரும் சோகை வைட்டமின் குறைவால் மட்டும் வருவதன்று. பி12 வைட்டமினையும் ஃபோலினிக் அமிலத்தையும் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்து 1995-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அவை இத்தீங்கைத் தடுக்கவில்லை எனக் கண்டது. ஆகவே, சத்து மாத்திரையை மட்டும் நம்பி இரத்தப் பரிசோதனையைக் கைவிடுதல் பொருந்தாது.

ஒரு சிறு கணக்கு

தொடக்கத்தில் ஹீமோகுளோபின் குறைந்திருப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள்கள். அதாவது, 30 நாள்களில் பழைய அணுக்களுள் காற்பங்கு மடிகிறது. அதே அளவு புதியன பிறந்து இழப்பை ஈடுசெய்கின்றன. பிறப்பு முற்றிலும் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். 12 கிராம் ஹீமோகுளோபினுடன் சிகிச்சையைத் தொடங்கியவர் ஒரு மாதத்தில் 9 கிராமுக்கு இறங்குவார். அவர் களைப்படைவார், ஆயினும் பெரும்பாலும் நடமாடிக் கொண்டிருப்பார். 9 கிராமுடன் தொடங்கியவரோ ஏழுக்கும் கீழே இறங்கிவிடுவார். மூச்சுத் திணறலுடன் மருத்துவமனையில் படுக்க நேரிடும். இருவருக்கும் மருந்து ஒன்றே, இழந்த பங்கும் ஒன்றே. கையிருப்பில் மட்டுமே வேற்றுமை. நடைமுறையில் பிறப்பு முற்றிலும் நிற்பது அரிது. ஆகவே சரிவு இதனினும் மெதுவாகவே நிகழும். ஆயினும் கணக்கின் நியாயம் மாறுவதில்லை.

இரண்டாவது காரணம் உடல் எடை. 600 மில்லிகிராம் என்னும் அளவு வளர்ந்தவர் எல்லோர்க்கும் பொதுவானது. 70 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது ஒரு கிலோகிராமுக்கு எட்டரை மில்லிகிராம் அளவில் அமைகிறது. 40 கிலோகிராம் எடையுள்ள மெலிந்த பெண்ணுக்கோ அது 15 மில்லிகிராம் ஆகிறது. ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. நோயால் மெலிந்து, காலந்தாழ்த்துச் சிகிச்சைக்கு வருவோர் நிறைந்த நாட்டில் இவ்வேற்றுமையைப் புறக்கணித்தல் இயலாது.

மூன்றாவது, நோயின் முதிர்ச்சி. எச்.ஐ.வி. வைரஸே மஜ்ஜையைத் தாக்கி இரத்த சோகையை விளைவிக்கவல்லது. காசநோய் முதலிய துணை நோய்களும் அவ்வாறே. நான்காவது, உடன் உட்கொள்ளும் மருந்துகள். தொற்றுகளைத் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் ஃபோலிக் அமிலத்தின் வேலைக்கு இடையூறு செய்வது. கண் முதலிய உறுப்புகளைத் தாக்கும் வைரஸுக்குக் கொடுக்கும் கான்சிக்ளோவிர் தானும் மஜ்ஜையை ஒடுக்குவது. இவை சிடோவுடினுடன் சேரும்போது கவனம் இருமடங்காக வேண்டும்.

நம் நாட்டின் நிலைமை

இக்காரணங்களுள் முதலாவது நம் நாட்டில் எவ்வளவு பரவியுள்ளது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்டிருள் நூற்றுக்கு 57 பேரும், ஆடவருள் நூற்றுக்கு 25 பேரும் இரத்த சோகை உடையவர்கள். கருநாடக மாநிலத்தில் மட்டும் நோக்கினும் பெண்டிருள் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்நிலையினர். மேல்நாட்டுச் சோதனையில் ‘அபாயக் காரணம்’ என்று சிலருக்கு மட்டும் குறிப்பிடப்பட்டது இங்கே மக்கட்தொகையின் பொது நிலைமையாக இருக்கிறது. ஆகவே, பிற நாடுகளில் கண்ட விகிதங்களை அப்படியே நமக்குப் பொருத்திக்கொண்டு ஆறுதல் அடைதல் தவறு.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதல் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனீதி சாலமன் அவர்களின் மேற்பார்வையில் அவ்வாராய்ச்சி நடைபெற்றது. மருந்தை உள்நாட்டிலேயே தயாரிக்கும் முறையை ஹைதராபாத்திலுள்ள இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிலையம் வகுத்தளிக்க, 1990-களின் தொடக்கத்தில் சிப்லா நிறுவனம் சிடோவுடினை இங்கே வெளியிட்டது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு மத்திய அரசாங்கம் இம்மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. பெங்களூர் சிவாஜிநகரிலுள்ள பௌரிங் மருத்துவமனை அவ்வாறு முதலில் தொடங்கிய மையங்களுள் ஒன்று. தமிழ்நாட்டில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை மற்றொன்று.

அந்நாளில் வகுத்த விதி எளியது. ஹீமோகுளோபின் 8 கிராமுக்கு மேலிருந்தால் சிடோவுடின் சேர்ந்த கூட்டு மருந்து. குறைந்திருந்தால் ஸ்டாவுடின் சேர்ந்தது. ஸ்டாவுடின் நரம்புகளையும் கொழுப்பையும் கெடுப்பது தெளிவானதால் அதனைக் கைவிடுமாறு 2009-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவுறுத்தியது. அதன் பின்னர் சிடோவுடினுக்கு வேண்டிய கீழெல்லையை 9 கிராமாக நம் நாட்டில் உயர்த்தினர். சோகையுடையோருக்கு டெனோபோவிர் வந்தது. இன்று முதல் வரிசைச் சிகிச்சையில் டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்னும் மூன்றும் இடம்பெற்றுள்ளன. இவற்றால் மஜ்ஜை ஒடுங்குவது பெரும் பிரச்சினையன்று.

‘அங்ஙனமாயின் இப்பேச்சு இனி எதற்கு?’ என்று சிலர் வினவக்கூடும். சிடோவுடின் மறைந்துவிடவில்லை என்பதே முதல் மறுமொழி. முதல் வரிசை மருந்து பயனற்றுப் போனவர்களுக்கு இரண்டாம் வரிசையில் அது இன்றும் இடம்பெறுகிறது. சிறுநீரகம் கெட்டு டெனோபோவிர் உட்கொள்ள இயலாத சிலருக்கும் அது தேவைப்படலாம். தொற்றுடைய தாய்க்குப் பிறந்து, அபாயம் மிகுந்த நிலையிலுள்ள சிசுக்களுக்கும் அது கொடுக்கப்படுகிறது. பிறந்து ஆறு முதல் பத்து வாரங்களுக்குள் எல்லாச் சிசுக்களுக்கும் இயற்கையாகவே ஹீமோகுளோபின் ஓரளவு இறங்கும். மருந்து அவ்விறக்கத்தை ஆழமாக்கலாம். எனினும் இம்மருந்தைப் பழித்தல் முறையன்று. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று செல்வதை அது நூற்றுக்கு 25 என்பதிலிருந்து 8 ஆகக் குறைத்ததை 1994-ஆம் ஆண்டுச் சோதனை மெய்ப்பித்தது. பல்லாயிரம் குழந்தைகள் அதனால் வாழ்வு பெற்றனர்.

ஈரல் நோய்க்கான ரிபவிரின்

இரண்டாவது மறுமொழி, இரத்த சோகையை விளைவிக்கும் வைரஸ் மருந்து இஃதொன்றே அன்று என்பதாகும். ஹெப்படைட்டிஸ் சி என்னும் ஈரல் நோய்க்கு 1998 முதல் இண்டர்ஃபெரானுடன் சேர்த்துக் கொடுத்துவந்த ரிபவிரின் வேறொரு வழியில் கேடு செய்வது. சிடோவுடின் சிவப்பணுக்களின் பிறப்பைத் தடுக்கிறது. ரிபவிரின் பிறந்த அணுக்களை அழிக்கிறது. சிவப்பணுக்களுள் புகுந்த ரிபவிரின் எளிதில் வெளியேறுவதில்லை. அங்கேயே தேங்கி, அணுவின் சக்திச் சேமிப்பைக் குறைத்து, அதன் சவ்வை நலிவடையச் செய்கிறது. முதல் நான்கு வாரங்களிலேயே ஹீமோகுளோபின் 2 அல்லது 3 கிராம் இறங்குதல் சாதாரணம்.

இங்கும் அபாயக் காரணங்கள் பெரும்பாலும் அவையே: தொடக்கத்தில் குறைந்த ஹீமோகுளோபின், முதுமை, பெண்பால், எடைக்கு மிகுந்த மருந்தளவு. சிறுநீரகத்தின் வழியே மருந்து வெளியேறுவதால் சிறுநீரகத் தளர்ச்சியும் அவற்றுடன் சேர்கிறது. தலசீமியா, அரிவாளணுச் சோகை ஆகிய பரம்பரை நோயுடையோர்க்கு இம்மருந்து ஆகாது. இதயத் தமனி நோயுடையோர்க்குத் திடீரென இரத்தம் குறைதல் மார்வலிக்குக் காரணமாகலாம். சிடோவுடினையும் ரிபவிரினையும் ஒருங்கே கொடுத்தல் கூடாது என்பது இப்போது நன்கு நிலைபெற்ற விதி.

2010-ஆம் ஆண்டில் ஒரு புதுமை வெளியாயிற்று. ஐ.டி.பி.ஏ. என்னும் மரபுக்கூற்றில் சிறு மாறுதல் உடையவர்களுக்கு ரிபவிரினால் சோகை வருவது மிகவும் அரிது எனக் கண்டனர். அதாவது, அபாயம் மட்டுமன்றிப் பாதுகாப்பும் பிறப்பிலேயே அமைவதுண்டு. ஆயினும் மரபுக்கூறுகளை ஆராய்வதற்கு வசதியில்லாத இடத்திலும் ஹீமோகுளோபினை அளத்தல் இயலும் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

2018-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் தொடங்கிய தேசிய வைரஸ் ஈரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், பெரும்பாலோர்க்கு ரிபவிரின் இன்றியே சோஃபோஸ்புவிர் முதலிய மாத்திரைகளால் பன்னிரண்டு வாரங்களில் நோய் தீர்கிறது. ஈரல் முற்றிலும் தளர்ந்தவர்களுக்கே ரிபவிரின் சேர்க்கப்படுகிறது. ஆனால் அவர்களே வயிற்றில் நீர் கோத்து, இரத்தம் கசிந்து, முன்பே சோகையுற்றவர்கள். மருந்தின் தேவையும் மருந்தின் அபாயமும் ஒருவரிடத்திலேயே கூடுகின்றன. கண்காணிப்பு தளரக் கூடாத இடம் இதுவே.

செய்யத்தக்கது யாது?

பெங்களூர் நகரின் வடகிழக்கில், ஹெண்ணூர்ச் சாலையை அடுத்துள்ள லிங்கராஜபுரத்தை எண்ணிக்கொள்வோம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் வழங்கும் பகுதி அது. அங்கே வீட்டு வேலைக்கும் தையல் வேலைக்கும் செல்லும் பெண் ஒருத்திக்கு இரண்டாம் வரிசைச் சிகிச்சை தொடங்குவதாகக் கொள்வோம். அபாயம் பெரிதும் முதல் மூன்று மாதங்களில்தான். அக்காலத்தில் இரண்டாம் வாரத்திலும், பின்னர் மாதந்தோறும் ஹீமோகுளோபினைப் பார்த்தல் நலம். சிவாஜிநகர் தொலைவான இடமன்று. ஆயினும் வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாட்கூலி போய்விடும். இரண்டு முறை செல்லுவாள். மூன்றாம் முறை தயங்குவாள். அத்தயக்கத்திற்குள் சோகை முற்றிவிடும்.

ஆகவே எமது முதல் யோசனை: மருந்து பெரிய மருத்துவமனையில் கிடைக்கட்டும், ஹீமோகுளோபின் பரிசோதனை வீட்டருகே நடைபெறட்டும். 2018-இல் தொடங்கிய ‘சோகையற்ற பாரதம்’ திட்டத்தின் கீழ், விரல் நுனியில் எடுத்த துளி இரத்தத்தைக் கொண்டு அளவைக் காட்டும் சிறு மின்கருவிகள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு உரியவையாயின. நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுச் சொல்லும் பழைய சாலி முறையைவிட இவை நம்பத்தக்கவை. மேலும், இப்பரிசோதனையால் எவருடைய இரகசியமும் வெளிப்படாது. கருவுற்றவரும் பள்ளி மாணவியரும் செய்துகொள்ளும் அதே பரிசோதனைதான் இது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் நோயாளியின் இரகசியத்தைக் காக்குமாறு கட்டளையிடுகிறது. அக்கட்டளைக்கும் இம்முறைக்கும் முரண்பாடு இல்லை. முடிவை எழுதிய சீட்டை நோயாளியே மருத்துவரிடம் காட்டலாம்.

இரண்டாவது: சோகையின் மூலத்தைத் தேடுதல் வேண்டும். கொக்கிப்புழுவோ, மாதவிடாய் மிகுதியோ, காசநோயோ, உணவுக்குறைவோ எனக் கண்டு, அதற்குரிய சிகிச்சையை வைரஸ் சிகிச்சையுடன் ஒருங்கே நடத்தலாம். சோகையுண்டு என்பதற்காக வைரஸ் சிகிச்சையையே தள்ளிப்போடுதல் பெருந்தவறு. ஏனெனில் வைரஸ் அடங்கினால் பெரும்பாலோர்க்கு ஹீமோகுளோபின் தானே உயரும். மாற்ற வேண்டியது மருந்தின் வகையையே, சிகிச்சையை அன்று.

மூன்றாவது: நோயாளிக்குத் தாய்மொழியில் சொல்லுதல். படியேறும்போது முன்னில்லாத மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு, கண்ணிமையின் உட்புறமும் நாக்கும் வெளுத்தல், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் வருமாறு கூறுதல் வேண்டும். தாமாகவே மருந்தை நிறுத்துதல் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லுதல் வேண்டும். அரைகுறையாக நிறுத்திய மருந்தினால் வைரஸ் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். காலத்தில் மருந்தை மாற்றினாலோ, மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் தன் தொழிலைத் தொடங்கும்.

நான்காவது: நேர்ந்த தீங்கைப் பதிவு செய்தல். 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திற்கு மருத்துவர் மட்டுமன்றி, செவிலியரும் மருந்தாளுநரும் நோயாளியும் எழுதலாம். எழுதப்படாத தீங்கிலிருந்து எந்த விதியும் பிறப்பதில்லை. 8 கிராம் என்னும் எல்லை 9 ஆக உயர்ந்தது போன்ற திருத்தங்களுக்கெல்லாம் எண்களே ஆதாரம்.

புதிய மருந்துகள் வந்தவண்ணம் இருக்கும். அவற்றுள் சில இன்று நாம் அறியாத தீங்கைத் தம்முள் கொண்டிருத்தலும் கூடும். அத்தீங்கு முதலில் தாக்குவது மெலிந்தவர்களையும், இரத்தம் குறைந்தவர்களையும், காலந்தாழ்த்து வருவோரையுமே ஆகும். அவர்கள் யார் என்பதை மருந்தைக் கொடுப்பதற்கு முன்னரே அறிந்துகொள்ளுதல் நம்மால் இயலும். அதற்கு வேண்டிய கருவி விலை உயர்ந்ததன்று. வேண்டிய அறிவு 1987-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. எஞ்சியிருப்பது ஒழுங்காகச் செய்தல் ஒன்றே.